ஏலியன் படங்கள்: எல்லையோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

களியக்காவிளை தொடங்கிக் குப்பம் வரை, கேரள, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து ‘ஏலியன்’ பட வரிசை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒரே இடத்தில் தருகிறோம். பதில்களில் கதை முடிவுகள் வரும். இதுவரை ஒரு படமும் பார்க்காதவர்கள் முதல் பதிலோடு நிறுத்திக்கொண்டு, படங்களைப் பார்த்துவிட்டு மிச்சத்துக்கு வரலாம்.

கேள்வி: கல்லூரிக் காலத்தில் முதல் இரண்டு படங்களைப் பார்த்தது. இப்போது கல்லூரிக்குப் போகும் மகளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்க ஆசை. கதை நடக்கும் ஆண்டுப்படி பார்ப்பதா, படம் வெளிவந்த ஆண்டுப்படி பார்ப்பதா?
– களியக்காவிளை

பெரும்பாலும் வெளிவந்த ஆண்டுப்படிதான். கதையின் காலக்கணக்குப்படி ‘பிரொமீதியஸ்’ 2093-ல் நடக்கிறது, ‘கவனன்ட்’ 2104-ல், முதல் ‘ஏலியன்’ 2122-ல், ‘ராமுலஸ்’ 2142-ல், ‘ஏலியன்ஸ்’ 2179-ல். இந்த வரிசையில் போட்டால், படங்களில் மனிதரைக் கொல்லும் அந்த அயல் உயிர் எங்கிருந்து வந்தது, யார் உருவாக்கினார்கள் என்பதை மகள் முதல் நாளே தெரிந்துகொண்டுவிடுவாள். அதற்குப் பிறகு 1979-ல் வந்த முதல் படத்தில் முட்டை திறக்கும்போது அவளுக்கு என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்கும். அந்தப் படத்தின் பயமே ‘இது என்னவென்று தெரியவில்லையே’ என்பதில்தான் இருக்கிறது.

திரையரங்கில் வந்த நீளத்தில் ஏழு படங்களும் சேர்ந்து 14 மணி 2 நிமிடம். வேறொரு பட வரிசையின் வேட்டைக்கார உயிரான பிரிடேட்டரோடு மோதும் இரண்டு படங்களையும் சேர்த்தால் இன்னும் மூன்றேகால் மணி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். ஒரு சனிக்கிழமை ‘ஏலியன்’ (1979, 117 நிமிடம்), ‘ஏலியன்ஸ்’ (1986, 137 நிமிடம்). ஞாயிறு ‘ஏலியன் 3’-ன் நீண்ட வடிவம் (1992, 145 நிமிடம்), பிறகு ‘ராமுலஸ்’ (119 நிமிடம்). அடுத்த வாரம் ‘பிரொமீதியஸ்’ (124), ‘கவனன்ட்’ (122) இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நடுவில் நாள் விட்டால் டேவிட் என்ற இயந்திர மனிதனின் கதை அறுந்துபோகும். 1997-ன் ‘ரெசரக்‌ஷன்’ (109) தனியாக ஒரு நாளுக்கு. அது மற்ற படங்களோடு ஒட்டாத சுவை. பக்கத்தில் வைத்தால் இரண்டுமே கெடும். ‘ராமுலஸ்’ படத்தை ‘ஏலியன்ஸ்’ பார்ப்பதற்கு முன்னால் போடாதீர்கள். கதையில் அது முந்தியதுதான், ஆனால் 1986 படத்தின் பேர்போன வசனமே அதில் திரும்ப வருகிறது. முன்பின் தெரியாதவருக்கு அந்த இடம் வெறும் வசனமாகப் போய்விடும்.

கேள்வி: லாரி ஓட்டுகிறேன். முதல் படத்தில் முக்கால் மணி நேரத்துக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று கூட இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். எனக்குப் பிடித்திருந்தது. யார் சரி?
– வாளையார்

நீங்கள் சரி. நாஸ்ட்ரோமோ என்ற அந்தக் கப்பலே ஒரு சரக்கு வண்டிதான். இரண்டு கோடி டன் தாதுவை இழுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறது. உள்ளே ஏழு பேர், ஒரு பூனை. உறக்கம் கலைந்து சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் எஞ்சின் ஆட்களான பார்க்கரும் பிரெட்டும் பேசுவது கூலியைப் பற்றி: எங்கள் பங்கு மட்டும் ஏன் குறைவு? தெரியாத சமிக்ஞை ஒன்று வருகிறது. இறங்கிப் பார்க்க வேண்டியது எங்கள் வேலையில்லை என்கிறார் பார்க்கர். இறங்காவிட்டால் மொத்தப் பங்கும் போய்விடும் என்று ஒப்பந்த விதியை எடுத்துச் சொல்கிறார் அறிவியல் அதிகாரி ஆஷ். கப்பல் அங்கே இறங்குவதற்குக் காரணம் வீரமும் இல்லை, ஆர்வமும் இல்லை. சம்பளம் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். இது புரியாமல் எழுந்து போனவர்கள் கதையின் கண்ணியையே தவறவிட்டார்கள்.

அடுத்து அந்தக் கதவுக் காட்சி. முகத்தில் உயிர் ஒட்டிய கேன் என்ற கப்பல் ஊழியரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இருபத்து நான்கு மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும் என்பது விதி; கதையின் நாயகி ரிப்ளி கதவைத் திறக்க மறுக்கிறார். ஆஷ் திறந்துவிடுகிறார். பறவைக் காய்ச்சல் நாட்களில் உங்கள் சோதனைச்சாவடியில் ஒவ்வொரு வண்டியின் சக்கரத்துக்கும் மருந்தடித்த பிறகுதான் விடுகிறார்கள். அதில் ஒரே ஒரு வண்டியை ஒருவர் தெரிந்தே விட்டால் என்ன ஆகும் என்பதுதான் படம். ரிப்ளி அப்போது நமக்கு இரக்கமில்லாதவராகத் தெரிவார். திரும்பப் பார்க்கும்போது அவர் ஒருவர்தான் தன் வேலையைச் சரியாகச் செய்தவர் என்பது புரியும்.

நெஞ்சைப் பிளந்துகொண்டு உயிர் வெளியே வருவது ஏறக்குறைய 55-வது நிமிடத்தில். அதற்குள் ஏழு பேரின் குரல், கோபம், கூலிக் கணக்கு எல்லாம் நமக்குப் பழகிவிடுகிறது. அதனால்தான் பிறகு ஒவ்வொருவராகக் குறையும்போது கணக்கு வலிக்கிறது. இந்த வரிசையில் எந்தப் படம் நிற்கும், எந்தப் படம் விழும் என்று பார்க்க எங்கள் அளவுகோலும் இதுதான்: உயிர் வருவதற்கு முன் அங்கே வேலை செய்யும் மனிதர்களை நமக்குக் காட்டினார்களா? 2024-ன் ‘ராமுலஸ்’ முதல் அரைமணி நேரத்தில் நிமிர்ந்து நிற்பதும் இதனால்தான். சுரங்கக் குடியிருப்பில் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று நம்பி வரும் பெண்ணிடம், இன்னும் சில ஆண்டுகள் நீட்டித்துவிட்டோம் என்று மேசைக்குப் பின்னாலிருந்து சொல்கிறார்கள். அந்தக் காட்சியின் கொடுமைக்கு எந்த வாலும் பல்லும் தேவைப்படவில்லை.

கேள்வி: ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வடிவம் இருக்கிறது. எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் இதைப் பற்றி ஒரு மாதமாக வாக்குவாதம். எது மூலம், எதைப் பார்ப்பது?
– செங்கோட்டை

படத்துக்குப் படம் விடை வேறு. அதனால்தான் வாக்குவாதம் முடியவில்லை.

1979 படம்: 2003-ல் வந்த ‘டைரக்டர்ஸ் கட்’ பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ரிட்லி ஸ்காட்டுக்கு முதல் வடிவத்தின் மீது குறை எதுவும் இல்லை. புதிய வெளியீட்டுக்காகச் சில காட்சிகளைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கினார். அதனால் சேர்த்த பிறகும் அது ஒரு நிமிடம் குறைந்து 116 நிமிடம். சேர்த்தவற்றில் முக்கியமானது, கூட்டில் பொதிந்து கிடக்கும் கப்பல் தலைவர் டாலஸை ரிப்ளி காண்பது. பக்கத்தில் பிரெட் முட்டையாக மாறிக்கொண்டிருக்கிறார். தனியாகப் பார்த்தால் நடுங்க வைக்கும் காட்சி. ஆனால் கப்பல் வெடிக்கப்போகும் நேரத்தில் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. 1986 படத்தில் முட்டையிடும் ராணி வந்த பிறகு, மனிதன் முட்டையாவது கதையோடும் உரசுகிறது. 117 நிமிட வடிவத்தையே பாருங்கள்.

1986 படம்: முதல்முறை பார்ப்பவருக்கு 137 நிமிடம், திரும்பப் பார்ப்பவருக்கு 154. நீண்ட வடிவத்தில் குடியேற்றம் அழிவதற்கு முன் எப்படி இருந்தது என்று காட்டுகிறார்கள். நியூட் என்ற சிறுமியின் குடும்பம்தான் முட்டைகள் இருக்கும் அந்த அயல் கப்பலைக் கண்டுபிடிக்கிறது. இதை முதலில் பார்த்துவிட்டால், வீரர்களோடு நாமும் வெறிச்சோடிய ஊருக்குள் நுழையும் பதற்றம் போய்விடும். ஆனால் ரிப்ளி 57 ஆண்டுகள் உறங்கியிருந்த காலத்தில் அவருடைய மகள் முதுமையடைந்து இறந்துவிட்டார் என்ற செய்தி இந்த வடிவத்தில் மட்டும்தான் இருக்கிறது. சிறுமியை ரிப்ளி ஏன் விடாமல் பற்றிக்கொள்கிறார் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் படத்தில் இல்லை. தானியங்கித் துப்பாக்கிகள் குண்டு தீரத் தீர எண் குறைந்துகொண்டே வரும் காட்சியும் இதில்தான்.

1992 படம்: தயங்காமல் 145 நிமிட ‘அசெம்பிளி கட்’. இது இயக்குநர் டேவிட் ஃபின்ச்சர் கைபட்டதல்ல. அவர் அந்தப் படத்தையே கைவிட்டுவிட்டார். அவர் பங்கேற்பில்லாமல், அவர் அன்று விட்டுப்போன தொகுப்பை வைத்து 2003-ல் சேர்த்தார்கள். திரையரங்கு வடிவத்தில் உயிர் நாயிலிருந்து பிறக்கிறது, இதில் எருதிலிருந்து. அதைவிடப் பெரிய வேறுபாடு: கதை நடக்கும் சிறைக்கோளின் கைதிகள் அந்த உயிரை ஒருமுறை பிடித்தே விடுகிறார்கள், கோலிக் என்ற மனம் கலங்கிய கைதி திறந்துவிடுகிறார். 114 நிமிட வடிவத்தில் இந்தப் பகுதி முழுவதும் போய்விட்டது. அதனால்தான் அங்கே நடுப்பகுதியில் யார் எதற்கு ஓடுகிறார்கள் என்று குழப்பம், கோலிக்கும் திடீரென்று காணாமல் போகிறார். கடைசியில் உலைக்குள் குதிக்கும்போது ரிப்ளியின் நெஞ்சிலிருந்து உயிர் வெளிவருவதும் நீண்ட வடிவத்தில் இல்லை. அவர் அமைதியாகப் போகிறார். அதுதான் சரியான முடிவு.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2003 டிவிடியில் சேர்க்கப்பட்ட காட்சிகளில் குரல் தெளிவாக இருக்காது, படப்பிடிப்பின்போது பதிந்த ஒலிதான். 2010 புளூரேக்காக நடிகர்களை வரவழைத்துத் திரும்பப் பேசவைத்தார்கள். எனவே பழைய டிவிடி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள்.

1997 படம்: திரையரங்கு வடிவம்தான் தன்னுடையது என்று இயக்குநர் ழான்-பியர் ழூனேயே சொல்லிவிட்டார். 116 நிமிட வடிவத்தைத் தேடி அலைய வேண்டாம்.

கேள்வி: ‘ஏலியன் 3’-ல் ஓடும் உயிரைச் சுற்றிப் பச்சையாக ஒரு விளிம்பு தெரிகிறது. என் டிவியில் கோளாறா?
– குமுளி

டிவி நன்றாகவே இருக்கிறது. அந்தக் காட்சிகளில் வருவது சிறிய கோல்பொம்மை. நீலத்திரைக்கு முன் குச்சிகளால் ஆட்டிப் படம் பிடித்து, சுரங்கப் பாதைகளின் படத்தோடு ஒளியியல் முறையில் ஒட்டினார்கள். பிலிமில் ஒட்டும்போது பொம்மையின் ஒளியும் பின்னணியின் ஒளியும் நிறத்தில் பொருந்தாவிட்டால் விளிம்பு தனியாகத் தெரியும். கணினி அன்று இந்தப் படத்தில் செய்தது மிகக் குறைவு. கடைசியில் தலைக் கூடு விரிசல் விடும் இடம் அதில் ஒன்று. அதற்கு முன் ஒரு வேட்டை நாய்க்கு உயிரின் உடையைத் தைத்துப் போட்டு ஓடவிட்டும் பார்த்தார்கள். பார்க்கச் சிரிப்பாக இருந்ததால் விட்டுவிட்டார்கள். பொம்மையின் அசைவு அருமையானது, ஒட்டிய இடம்தான் சொதப்பல். டிவியில் ‘விவிட்’ முறையை ‘சினிமா’ முறைக்கு மாற்றினால் விளிம்பு கொஞ்சம் அடங்கும்.

கேள்வி: எட்டடி அகலத் திரை, வாடகைக்கு எடுக்கும் புரொஜெக்டர், நண்பர்கள் பதினைந்து பேர். போன முறை வீட்டு மாடியில் 1979 படத்தைப் போட்டபோது பாதிக் காட்சிகள் கறுப்பாகவே இருந்தன. என்ன செய்ய வேண்டும்?
– புளியரை

இந்த வரிசை முழுவதும் இருட்டில் எடுத்தது, அதனால் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும். உங்கள் திரையில் 2.35:1 அளவுள்ள படம் 3.4 அடி உயரம்தான் வரும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை. ‘ஏலியன்ஸ்’ மட்டும் 1.85:1, அது 4.3 அடி வரும். அந்தப் படம் பெரிதாகத் தெரிவதைப் பார்த்து மற்றவற்றை இழுத்து நிரப்பிவிடாதீர்கள், முகங்கள் நீண்டுபோகும். எட்டடித் திரைக்கு, முழு இருட்டில், 600 லூமன் திரையில் விழுந்தாலே போதும். ஆனால் சின்ன எல்இடி புரொஜெக்டர்களின் பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பக்கூடாது. ‘ஆன்சி லூமன்’ என்று போட்டு 1,000-க்கு மேல் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கறுப்பில் முழுகியதற்குப் பெரும்பாலும் காரணம் வெளிச்சக் குறைவு இல்லை, எச்டிஎம்ஐ அமைப்பு. பிளேயரோ லேப்டாப்போ 16 முதல் 235 வரையுள்ள அளவில் அனுப்ப, புரொஜெக்டர் 0 முதல் 255 என்று எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். மாறாக நடந்தால் நிழலில் இருப்பதெல்லாம் அழியும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது. இரண்டு பக்கமும் ‘லிமிடெட்’ என்றோ இரண்டு பக்கமும் ‘ஃபுல்’ என்றோ ஒரே மாதிரி வையுங்கள். பிறகு ‘டைனமிக்’ முறையை நீக்கிவிட்டு ‘சினிமா’ முறைக்குப் போங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள்.

அடுத்தது பிரைட்னஸ். பெயர் அப்படியிருந்தாலும் அது கறுப்பின் அளவைத்தான் மாற்றும். வெள்ளையை மாற்றுவது கான்ட்ராஸ்ட். பிரெட் பூனையைத் தேடிப்போகும் அறையில் படத்தை நிறுத்துங்கள், மேலிருந்து சங்கிலிகள் தொங்கி நீர் சொட்டும் அறை. பின்னால் இருக்கும் சங்கிலிகள் தனித்தனியாகத் தெரியும் வரை பிரைட்னஸைக் கூட்டுங்கள். திரையின் மேல், கீழ்ப் பட்டைகள் சாம்பலாகத் தொடங்கினால் இரண்டு புள்ளி குறைத்து நிறுத்துங்கள். மாடியில் போடுவதானால் தெருவிளக்கு திரையில் விழாத பக்கம் பார்த்துக் கட்டுங்கள். நிலா வெளிச்சமும் இந்தப் படங்களுக்குக் கேடுதான். இருட்டி ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள்.

கரண்ட் போனால் லாம்ப் வகைப் புரொஜெக்டரின் விசிறியும் நின்று, சூடான லாம்ப் கெட்டுப்போகும். புரொஜெக்டர் 250 வாட், ஒலிபெருக்கி 100, லேப்டாப் 60 என்று வைத்தால் 410 வாட். 800 விஏ இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியும் புதிதாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஒரு படத்துக்குப் போதும். நண்பர்களுக்கு மேல் ஊருக்கே போட நினைத்தால், டிக்கெட் வாங்காவிட்டாலும் உரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். வீட்டுச் சந்தாவும் வீட்டு டிஸ்க்கும் அதற்கு உதவாது.

கேள்வி: விசைத்தறிச் சத்தத்தில் இருபது வருடம். காது கொஞ்சம் மந்தம். முதல் படத்தில் பேச்சே கேட்கவில்லை, திடீரென்று சைரன் மட்டும் அலறுகிறது.
– நகரி

அந்தப் படத்தில் எல்லோரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் பேசுவார்கள், நல்ல காதுக்கும் சிரமம்தான். ஆறு தடத்தில் உள்ள ஒலியில் பேச்சு நடு ஒலிபெருக்கிக்கு உரியது. உங்களிடம் இரண்டு ஒலிபெருக்கி மட்டும் இருந்து, பிளேயர் இன்னும் ஆறு தடமாகவே அனுப்பினால் பேச்சு அமுங்கிப்போகும். ஒலி அமைப்பில் ‘ஸ்டீரியோ’ அல்லது ‘பிசிஎம்’ என்று மாற்றுங்கள், பிறகு ‘நைட் மோட்’ இருந்தால் போடுங்கள். உரத்த ஒலி தணிந்து மெல்லிய ஒலி எழும். காதை மூடும் ஹெட்ஃபோன் இன்னும் நல்லது.

தறிச்சத்தத்தில் எந்தத் தறி தப்பாக ஓடுகிறது என்று காதாலேயே பிடிக்கிறவர் நீங்கள். இந்த வரிசையைக் காதால் பார்க்க உங்களைவிடத் தகுந்தவர் இல்லை. 1979 படத்தில் கப்பலின் அடித்தள இரைச்சல் அறைக்கு அறை மாறும், கவனியுங்கள். ஜெர்ரி கோல்ட்ஸ்மித் இசையமைத்தார். ஆனால் அவர் வேறொரு படத்துக்கு 1962-ல் போட்ட இசையிலிருந்து சில துண்டுகளையும், கடைசி எழுத்துகளுக்கு ஹாவர்ட் ஹேன்சனின் இரண்டாம் சிம்பொனியையும் தொகுப்பில் நுழைத்தார்கள். 1986 படத்தில் அசைவுகாட்டியின் ‘டொக், டொக்’ இடைவெளி குறைந்துகொண்டே வரும். அது காட்டும் தூரம் அறையின் அளவைவிடச் சிறிதாகிவிட்ட பிறகும் உள்ளே யாரையும் காணோம். அந்த உயிர்கள் கூரைக்கு மேல் வருகின்றன என்று புரியும் கணம், அந்த ஒலி இல்லாவிட்டால் பாதிகூடத் தேறாது.

கேள்வி: பள்ளி நாடகக் குழுவை நடத்துகிறேன். நெஞ்சு பிளக்கும் காட்சியை எப்படி எடுத்தார்கள்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டலாமா?
– கொழிஞ்சாம்பாறை

படம் பெரியவர்களுக்கானது, ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டாம். செய்முறையைத் தாராளமாகச் சொல்லித்தரலாம்.

மேசையில் துளை. நடிகர் ஜான் ஹர்ட்டின் தலையும் தோளும் கைகளும் மேலே. உடம்பு மேசைக்குக் கீழே. மேலே தெரிந்த நெஞ்சு செயற்கை. அதற்குள் இறைச்சிக் கடையிலிருந்து வாங்கிய உள்ளுறுப்புகள், இரத்தம் பீய்ச்சும் குழாய்கள். பொம்மையை ஒருவர் கீழேயிருந்து மேலே தள்ளினார். முதல் முயற்சியில் சட்டை கிழியவில்லை. நடிகர்களுக்கு என்ன நடக்கப்போகிறது என்பது கதையளவில் தெரியும். இரத்தம் அவ்வளவு தூரம் தெறிக்கும் என்பது தெரியாது. வெரோனிகா கார்ட்ரைட் முகத்தில் தெரியும் அதிர்ச்சி அப்படி வந்தது.

மேடையில் சட்டை கிழியாத அதே சிக்கல் உங்களுக்கும் வரும். பழைய பருத்திச் சட்டையை எடுத்து, உள்பக்கத்தில் பிளேடால் நூல் முக்கால்வாசி அறுபடுமாறு ஒரு கூட்டல் குறி கீறிவிடுங்கள். இரத்தத்துக்குப் பேக்கரிக் கடையில் கிடைக்கும் லிக்விட் குளுக்கோஸ் 250 மில்லி, வெந்நீர் 50 மில்லி, சிவப்பு உணவு நிறம், நிறம் கறுக்க ஒரு சிட்டிகை கோகோ தூள். ரொம்ப நீர் சேர்த்தால் ரோஜாப்பால் மாதிரி தெரியும். கறை போகாது, பள்ளிச் சீருடையில் ஒத்திகை வேண்டாம்.

வளர்ந்த உயிரின் உடைக்குள் இருந்தவர் நைஜீரியாவைச் சேர்ந்த போலாஜி படேஜோ, ஆறடி பத்து அங்குலம். வால் இருந்ததால் நாற்காலியில் உட்கார முடியாது. இடைவேளைகளில் அவருக்கென்று ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். உடம்பு மனித உடம்பு என்பது தெரியாமல் இருக்கத்தான் முழு உருவத்தை ஒரே நேரத்தில் காட்டாமல் கை, பல், முதுகு என்று துண்டுதுண்டாகக் காட்டினார்கள். 1986-ல் உடைகள் மொத்தம் ஆறுதான். ஆறை வைத்து நூறு என்று நம்பவைத்தது இருட்டும் வேகமான வெட்டும். உங்கள் மேடைக்கும் இதுவே வழி.

கேள்வி: தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் வீடு எங்களுடையது. டப்பிங்கில் பார்ப்பதா, மூலக் குரலில் பார்ப்பதா?
– குப்பம்

முதல் படத்துக்கும் ‘கவனன்ட்’ படத்துக்கும் மூலக் குரல், கூடவே எழுத்து. டப்பிங்கில் குரல்களை ஒவ்வொன்றாகப் பதிவதால், ஒருவர் மேல் ஒருவர் பேசும் பேச்சு வரிசையில் நின்று பேசுவதுபோல் ஆகிவிடும். ‘கவனன்ட்’ படத்தில் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் ஒரே முகத்தோடு டேவிட், வால்ட்டர் என்று இருவராக வருகிறார். இருவரையும் பிரித்துக் காட்டுவதில் உச்சரிப்புக்குப் பெரும் பங்கு. டப்பிங்கில் அந்த விளையாட்டே இல்லை. ‘ஏலியன்ஸ்’ எந்த மொழியிலும் தாங்கும்.

கேள்வி: ‘பிரொமீதியஸ்’ விஞ்ஞானிகள் ஏன் இவ்வளவு முட்டாள்களாக இருக்கிறார்கள்? தெரியாத கோளில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார்கள், பாம்பு மாதிரி ஒன்றைச் செல்லம் கொஞ்சுகிறார்கள். வரைபடம் எடுக்கும் கருவியை இயக்குபவரே வழி தவறுகிறார்.
– சத்தியவேடு

கேள்வி நியாயமானது. ஜான் ஸ்பைட்ஸ் எழுதிய திரைக்கதை 1979 படத்துக்கு நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் முன்கதை. டேமன் லிண்டலாஃப் அதைத் திருத்தி, மனிதனைப் படைத்தது யார் என்ற கேள்வியை நடுவில் கொண்டுவந்தார். ஒரு படத்துக்கு ஆட்கள் ஒவ்வொருவராகச் சாக வேண்டும், இன்னொரு படத்துக்கு அவர்கள் சிந்திக்க வேண்டும். இரண்டும் ஒரே உடம்பில் இருப்பதால், சாக வேண்டிய நேரம் வந்ததும் சிந்தனை நின்றுவிடுகிறது. 1979-ல் ரிப்ளி விதியைப் பிடித்துக்கொண்டு நின்ற கதவை நினைத்துப் பாருங்கள். அங்கே தவறு நடந்ததற்கு ஒரு ஆள், ஒரு நோக்கம் இருந்தது. இங்கே தவறு தவறாகவே நடக்கிறது.

ஆனாலும் திரும்பப் பாருங்கள், டேவிட் மட்டும் இருக்கும் தொடக்கக் காட்சிகளுக்காக: ஆளில்லாக் கப்பலில் பந்து விளையாடி, மொழி படித்து, தலைக்குச் சாயம் பூசிக்கொள்கிறான். இதில் வரும் நிலவு எல்வி-223. முதல் படத்தின் எல்வி-426 அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் ‘கதை பொருந்தவில்லை’ என்ற பாதிப் புகார்கள்.

கேள்வி: வருடா வருடம் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்குப் போகிற கூட்டம் நாங்கள். ஒரே வரிசையில் இவ்வளவு ஏற்ற இறக்கம் ஏன்?
– பாறசாலை

ஸ்காட் 1979, 2012, 2017 என்று மூன்று எடுத்தார். மற்ற ஒவ்வொன்றும் வேறு வேறு கை. அது குறை இல்லை; முதல் நான்கு படங்களும் ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் இருப்பதே இந்த வரிசையின் அழகு. சறுக்கல், எழுத்து முடியும் முன்பே வேலை தொடங்கிய இடத்தில்தான் வந்தது. முதல் படத்துக்கு டான் ஓபேனனும் ரொனால்ட் ஷுசெட்டும் கதை அமைத்து, வால்ட்டர் ஹில்லும் டேவிட் கைலரும் திரும்ப எழுதினார்கள். மனிதர்களின் கப்பலை ரான் காப் வரைந்தார், அயல் உலகத்தைச் சுவிட்சர்லாந்து ஓவியர் கீகர் வரைந்தார். இரண்டு கைகள் என்பதால் மனிதர் செய்ததும் அல்லாததும் ஒரே பார்வையில் பிரிந்து தெரியும். 1986-ல் ஜேம்ஸ் கேமரனே எழுதி இயக்கினார். அடுத்த காட்சிக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவதுக்கு வில்லியம் கிப்சன் ஒரு திரைக்கதை எழுதினார், அது எடுக்கப்படவில்லை. வின்சென்ட் வார்ட் மரத்தாலான கோளில் துறவிகள் வாழ்வதாக எழுதினார். துறவி மடம் சிறையாக மாறியது, துறவிகள் கைதிகளானார்கள். கைதிகள் பக்திமான்களாக இருப்பதற்கு அதுதான் காரணம். தன் முதல் படத்தை எடுக்க வந்த ஃபின்ச்சர் கையில் முடியாத திரைக்கதை, முன்பே குறித்த வெளியீட்டு நாள். ஒளிப்பதிவாளர் ஜோர்டன் க்ரோனன்வெத் உடல்நலக் குறைவால் விலகி, அலெக்ஸ் தாம்சன் வந்தார். இவ்வளவுக்கும் பிறகு அந்தப் படத்தில் துக்கம் உண்மையாக இருக்கிறது. 1986 படத்தில் பிழைத்த சிறுமி நியூட்டையும் வீரர் ஹிக்ஸையும் தொடக்க எழுத்துகளிலேயே கொன்றதை ரசிகர்கள் மன்னிக்கவில்லை. எங்களுக்கும் அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் உலைக்கூடத்தில் நடக்கும் இறுதிச்சடங்குக் காட்சியை ஒருமுறை அமைதியாகப் பாருங்கள். இந்த வரிசையில் இறந்தவர்களுக்காக இவ்வளவு நேரம் நின்று அழுத படம் வேறில்லை.

1997-ல் ஜாஸ் வீடனின் வசனம் ஒருவகைக் கிண்டல், ழூனேயின் காமிரா இன்னொரு வகைக் கிண்டல், இரண்டும் முட்டிக்கொள்கின்றன. ரிப்ளி எட்டாவது நகல் என்று தெரிந்த பின், தோற்றுப்போன ஏழு நகல்களை வைத்திருக்கும் அறைக்குள் அவர் நுழைகிறார். அந்த ஒரு காட்சிக்காகப் படத்தைப் பார்க்கலாம்.

கேள்வி: பிரிடேட்டரோடு சண்டை போடும் இரண்டு படங்களும் அவசியமா?
– மார்த்தாண்டம்

இல்லை. கதைக்கும் நட்டமில்லை, ‘பிரொமீதியஸ்’ வந்ததும் இந்தக் கதைகளில் வரும் வேலண்ட் நிறுவனத்தின் பிறப்பே மாறிவிட்டது. 2004 படத்தை மழைநாளில் பார்க்கலாம். 2007 படம் இருட்டு மிகுந்தது, எந்தப் புரொஜெக்டரிலும் தேறாது.

கேள்வி: ‘ஏலியன்: எர்த்’ தொடரை எப்போது பார்ப்பது?
– ஊத்துக்கோட்டை

2025-ல் வந்த எட்டு பகுதிகள். கதை 2120-ல், முதல் படத்துக்கு இரண்டு ஆண்டு முன்னால். ஆனாலும் கடைசியில் பாருங்கள். முதல் பகுதியின் கப்பல், நாஸ்ட்ரோமோவின் அறைகளை அப்படியே நினைவூட்டுமாறு கட்டப்பட்டது. 1979 படம் மனத்தில் புதிதாக இருந்தால்தான் அந்த உழைப்பு தெரியும்.

கேள்வி: பூனைக்கு ஒன்றும் ஆகாது என்றால்தான் பார்ப்பேன் என்கிறார் அம்மா. சொல்லுங்கள்.
– கொல்லங்கோடு

ஜோன்ஸ் பிழைக்கிறது. 1979 படத்தின் முடிவில் ரிப்ளியோடு உறங்கப்போகிறது. 1986 படத்தில் அதைப் பத்திரமாக விட்டுவிட்டுத்தான் ரிப்ளி புறப்படுகிறார். ‘ஏலியன் 3’ போடும்போது மட்டும் 145 நிமிட வடிவத்தையே போடுங்கள். இன்னொன்றில் நாய்க்கு நேர்வதை அம்மா தாங்கமாட்டார்.